எந்த ஃபார்மேட்டில்? மேஜிக் கார்டு ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் புது செட் (ஒன்றாக வெளியிடும் கார்டுத் தொகுதி) வரப்போகிறது என்றால், சில வாரங்களுக்கு முன்பே கார்டுகளை ஒவ்வொன்றாக வெளியே காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கார்டின் படம் வந்த சற்று நேரத்தில் ஒருவர் "குப்பை" என்பார், இன்னொருவர் "இதை மூணு மாசத்துல தடை பண்ணிடுவாங்க பாருங்க" என்பார், மூன்றாமவர் "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும், ஆனா உடனே வேணும்" என்பார். புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும். பார்ப்பது ஒரே கார்டுதானே? கார்டு ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் மூன்று வேறு ஃபார்மேட் (எந்தக் கார்டுகளை வைத்து, எந்த விதிப்படி ஆடுவது என்கிற ஆட்ட வகை) ஆடுகிறவர்கள், அதனால் மூன்று பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

இந்தக் கட்டுரை அந்த ஃபார்மேட் என்கிற விஷயத்தைப் பற்றித்தான். எப்படி ஆடுவது என்பதை அரை மணி நேரத்தில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், ஃபார்மேட்டை மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போவார்கள்.

ஒரு கார்டை வைத்தே ஆரம்பிக்கலாம். லைட்னிங் போல்ட், 1993-இல் வந்த முதல் செட்டிலேயே இருந்த கார்டு. ஒரே ஒரு சிவப்பு மனா (கார்டைப் போடச் செலவழிக்கும் சக்தி) செலவு, எதிராளிக்கோ அவருடைய உயிரினத்துக்கோ 3 புள்ளி சேதம், அவ்வளவுதான் அதன் வேலை. சாதாரண ஆட்டத்தில் இரண்டு பேர், ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. அங்கே ஒரே ஒரு மனாவில் 3 புள்ளியைக் கழிப்பது பெரிய விஷயம், அதனால் மாடர்ன் என்கிற ஃபார்மேட்டில் சிவப்பு டெக் (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) கட்டுகிறவர்கள் யோசிக்காமல் நான்கு போல்ட் எடுத்து வைப்பார்கள். எளிதில் கிடைக்கிற சாதாரண வகைக் கார்டாக அச்சானது என்பதால் பாப்பர் என்கிற ஃபார்மேட்டிலும் அது உண்டு. அண்மை செட்டுகள் மட்டும் செல்லும் ஸ்டாண்டர்ட் என்கிற ஃபார்மேட்டை விட்டு 2011-இல் வெளியே போய்விட்டது. பயோனியர் என்கிற ஃபார்மேட்டில் அது எப்போதுமே இருந்ததில்லை. கமாண்டர் என்கிற ஃபார்மேட்டில் பொதுவாக நான்கு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள், ஆளுக்கு 40 புள்ளி, அதாவது உங்களுக்கு எதிரே மொத்தம் 120 புள்ளி நிற்கிறது, அதில் 3 என்பது கொசுக்கடி. அங்கே போல்ட் வைத்திருப்பவரைப் பார்த்து "ஏன் இடத்தை வீணாக்குறீங்க" என்று கேட்பார்கள்.

ஆக, ஒரு கார்டு நல்லதா கெட்டதா என்று ஃபார்மேட் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. புது வெளியீடுகளைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டையில் பாதி, கார்டைப் பற்றிய சண்டை போலத் தெரிந்தாலும் ஃபார்மேட்டைப் பற்றிய சண்டைதான்.

அடிப்படை, சுருக்கமாக

ரம்மி ஆடும்போது சீட்டுக்கட்டில் என்னென்ன இருக்கிறது என்று யாரும் வாக்குவாதம் செய்வதில்லை, எல்லாருக்கும் அதே சீட்டுக்கட்டுதான். மேஜிக்கில் ஒவ்வொருவரும் தன் டெக்கைத் தானே கட்டி வீட்டிலிருந்து கொண்டுவருகிறார். நிலக் கார்டுகளைக் கீழே வைத்து மனா எடுத்து, அதைச் செலவழித்து உயிரினங்களை இறக்கி, மந்திரங்களைப் போட்டு, எதிராளியின் 20 புள்ளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பொதுவாக டெக்கில் குறைந்தது 60 கார்டு, அடிப்படை நிலங்களைத் தவிர ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது.

இதுவரை அச்சான வெவ்வேறு கார்டுகள் 25,000-ஐத் தாண்டிவிட்டன. அதில் எவற்றிலிருந்து நீங்கள் டெக் கட்டலாம், டெக் எத்தனை கார்டு, எத்தனை பேர் ஆடுவது, எத்தனை புள்ளியில் தொடங்குவது, எந்தக் கார்டுகளுக்குத் தடை என்கிற விதிகளின் தொகுப்புதான் ஃபார்மேட்.

பின்பக்கம் மாறியிருந்தால்

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணித ஆராய்ச்சி மாணவர் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்கிற சின்ன நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்ட ஆட்டம் இது. ஒரு வீட்டில் மிஞ்சிப்போனால் சில பெட்டிகள் வாங்குவார்கள், ஊரில் ஒரு பலமான கார்டு ஒருவரிடம் இருந்தால் அதுவே அதிகம் என்பதுதான் அப்போதைய கணக்கு. அதனால் ஆரம்பத்தில் ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், டெக்குக்கு 40 கார்டு போதும். ஆனால் மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கித் தள்ளினார்கள். டைம் வாக் என்று ஒரு கார்டு, இரண்டு மனாவுக்கு உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். அதை ஒன்று வைத்திருப்பது அதிர்ஷ்டம், பத்துப் பதினைந்து வைத்திருந்தால் எதிரே உட்கார்ந்தவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 1994 ஆரம்பத்தில் 60 கார்டு, நான்கு பிரதி, தடைப் பட்டியல் என்று போட்டிகளுக்கான விதிகள் வந்தன.

இதற்கிடையில் 1993 டிசம்பரில் அரேபியன் நைட்ஸ் என்று முதல் கூடுதல் செட் வந்தது. அதன் கார்டுகளுக்குப் பின்பக்கம் வேறு மாதிரி அச்சடிப்பதாகத்தான் முதலில் திட்டம், அதாவது பழைய கார்டுகளிலிருந்து பிரித்துப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு செட்டும் கிட்டத்தட்ட தனி ஆட்டம் மாதிரி. எதிர்ப்பு வந்ததால் கடைசி நேரத்தில் அதைக் கைவிட்டு, பழைய பின்பக்கத்தையே போட்டார்கள். இன்றைக்கு வாங்குகிற கார்டுக்கும் அதே பின்பக்கம்தான், டெக்மாஸ்டர் என்கிற, இப்போது யாருமே பயன்படுத்தாத பழைய பெயர் உட்பட. எனக்கு இது இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிகப்பெரிய முடிவாகத் தோன்றுகிறது. பின்பக்கம் ஒன்றாக இருப்பதால் 1993 கார்டையும் நேற்று வந்த கார்டையும் ஒரே டெக்கில் கலக்கலாம், கலக்கலாம் என்பதால்தான் எதையெல்லாம் கலக்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

அப்படி எழுதியதில் முக்கியமானது 1995 ஜனவரியில் வந்தது. அதற்குள் முதல் அச்சுகளெல்லாம் விற்றுத் தீர்ந்து, புதிதாக ஆட வருகிறவருக்குப் பழைய பலமான கார்டுகள் கிடைக்கவே கிடைக்காத நிலை. அடிப்படை செட்டும் அண்மையில் வந்த கூடுதல் செட்டுகளும் மட்டும் செல்லும் என்று ஒரு தனிப் போட்டி வகையை உருவாக்கினார்கள், அப்போது அதன் பெயர் டைப் 2. நிறுவனத்துக்கும் புதுக் கார்டு விற்றாக வேண்டுமே, அதையும் மறைக்க வேண்டியதில்லை. புதியவருக்கு நியாயம், கம்பெனிக்கு வியாபாரம், இரண்டும் ஒரே விதியில் நிறைவேறியது. அதுதான் இன்றைய ஸ்டாண்டர்ட்.

சுழலும் ஃபார்மேட், சுழலாத ஃபார்மேட்

ஸ்டாண்டர்டில் புது செட் வர வர, ஒரு கட்டத்தில் பழையவை வெளியே போகும். இதைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள். நீண்ட காலமாக ஒரு செட்டின் ஆயுள் அதிகபட்சம் இரண்டு வருடம் என்றிருந்தது, 2023-இல் அதை மூன்று வருடமாக நீட்டினார்கள். 2024 நவம்பரில் வந்த ஃபவுண்டேஷன்ஸ் என்கிற அடிப்படை செட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, அது குறைந்தது 2029 வரை செல்லும் என்று சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வருபவர் எதில் முதல் காசைப் போடலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன், காரணம் இந்த ஒரு வரிதான்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிற ஒன்று: செல்லுமா செல்லாதா என்பது கார்டின் பெயரைப் பொறுத்தது, எந்த வருட அச்சு என்பதைப் பொறுத்ததல்ல. லானவார் எல்வ்ஸ் என்கிற பச்சைக் கார்டு 1993 செட்டிலும் உண்டு, ஃபவுண்டேஷன்ஸிலும் உண்டு. ஆகவே யாராவது பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் 1993 பிரதியை எடுத்து இன்றைய ஸ்டாண்டர்ட் போட்டியில் தாராளமாக வைக்கலாம். (முதல் அச்சின் மூலைகள் கொஞ்சம் அதிகமாக வளைந்திருக்கும், உறை போடாமல் வைத்தால் எது அந்தக் கார்டு என்று பின்னாலிருந்தே தெரிந்துவிடும், அதனால் பின்பக்கம் தெரியாத உறை கட்டாயம் வேண்டும். அந்த விலை கார்டை உறை இல்லாமல் யார் கலைக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ரொட்டேஷன் பிடிக்காதவர்களுக்காகச் சுழலாத ஃபார்மேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாடர்ன் 2011-இல் வந்தது, 2003-இல் வெளியான எட்டாம் பதிப்பிலிருந்து கணக்கு. பயோனியர் 2019-இல் வந்தது, 2012-இன் ரிட்டர்ன் டு ராவ்னிகாவிலிருந்து கணக்கு. லெகசி, விண்டேஜ் இரண்டிலும் கிட்டத்தட்ட எல்லாக் கார்டும் செல்லும், விண்டேஜில் மிகப் பலமான பழைய கார்டுகளைக்கூடத் தடை செய்யாமல் ஆளுக்கு ஒரு பிரதி என்று விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டும் புதியவருக்கு எட்டாக்கனி. 1995-இல் பழைய கார்டுகளை மறுபடி அச்சடித்ததில் சேகரிப்பாளர்கள் கொதித்துப்போக, இன்னின்ன கார்டுகளை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று 1996-இல் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தது. பிளாக் லோட்டஸ் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, அதன் முதல் அச்சுப் பிரதி ஒன்று 2021-இல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பாப்பர் இதற்கு நேர்மாறு, ஒரு தடவையாவது சாதாரண வகையில் அச்சான கார்டுகள் மட்டும் செல்லும், நல்ல டெக்கையும் கம்மி விலையில் கட்டிவிடலாம், ஆட்டமும் சுமாரானது இல்லை. பாப்பரைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் பல நாள் குறை.

மற்ற ஆட்டங்கள் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. போகிமானில் கார்டின் அடியில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், இந்த வருடம் இந்தந்த எழுத்துகள் மட்டும் ஸ்டாண்டர்டில் செல்லும் என்று அறிவித்துவிடுவார்கள், 2025 ஏப்ரலில் எஃப் எழுத்து வெளியே போனது. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம், மேஜிக்கில் அப்படி ஒன்று இல்லையே என்று பொறாமையாகவே இருக்கும். யு-கி-ஓவில் ரொட்டேஷனே கிடையாது. பழைய கார்டு எல்லாம் செல்லும், தடைப் பட்டியல் மட்டும் அவ்வப்போது மாறும். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் பழையதை வெளியே அனுப்பாமல் புதியதை விற்கவேண்டும் என்றால் புதியது பழையதைவிடப் பலமாக இருந்தாக வேண்டும் அல்லவா? அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய டெக் விதிப்படி செல்லும், ஆனால் மேசையில் செல்லாது.

நாடு என்றொரு பறவை

அதே சிக்கல் மாடர்னுக்கும் வந்தது. சுழலாத ஃபார்மேட் ஆடுகிறவர் தன் டெக்கைக் கட்டி முடித்துவிட்டார் என்றால் அவருக்கு ஸ்டாண்டர்ட் செட்டில் ஒன்றிரண்டு கார்டு தேவைப்பட்டால் அதிகம். அவரிடம் எதை விற்பது? 2019-இல் மாடர்ன் ஹொரைசன்ஸ் என்று ஒரு செட் போட்டார்கள். அது ஸ்டாண்டர்டுக்குப் போகாது, நேரே மாடர்னுக்குள் இறங்கும், கார்டுகளும் அந்தப் பலத்துக்கு ஏற்றபடி. ஜூனில் வந்த செட்டிலிருந்து ஹோகாக் என்கிற கார்டை ஆகஸ்டிலேயே தடை செய்யவேண்டி வந்தது.

மூன்றாவது ஹொரைசன்ஸ் செட் 2024 ஜூனில். அதில் நாடு என்கிற பறவை, மூன்று மனா. உங்கள் உயிரினங்களில் ஏதாவது ஒன்றைக் குறிவைத்து எதையாவது செய்தால் டெக்கின் மேல் கார்டைத் திறந்து பார்க்கலாம், நிலமாக இருந்தால் நேரே மேசைக்கு, இல்லையென்றால் கைக்கு, ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு முறையில் இரண்டு தடவை. குறிவைக்கச் செலவாகுமே என்று பார்த்தால், செலவே இல்லாமல் உயிரினத்துக்கு உயிரினம் மாட்டிக்கொள்ளக்கூடிய பழைய கருவிக் கார்டு ஒன்று மாடர்னில் இருந்தது. அப்புறம் என்ன, ஒருவர் தன் முறையை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வரலாம். அந்த மாதக் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூர் என்கிற பெரிய போட்டியில் நாடு டெக்தான் வென்றது, ஆகஸ்ட் முடிவதற்குள் தடை. பின்னர் வடிவமைப்பாளர் வெளிப்படையாகவே எழுதினார்: கமாண்டரை மனதில் வைத்து அந்தக் கார்டின் வாசகத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள், மாற்றிய பிறகு அதை வைத்து ஆடிப் பார்க்கவில்லை.

கவனியுங்கள், கமாண்டருக்காக எழுதிய வாசகம் மாடர்னை உடைத்தது. ஒரு கார்டு பல ஃபார்மேட்டுகளில் வாழ்கிறது என்பதன் விலை இதுதான், இதனால்தான் "தடை பண்ணிடுவாங்க" என்று யாராவது சொல்லும்போது எந்த ஃபார்மேட்டில் என்று கேட்க வேண்டும். தடை ஃபார்மேட்டுக்கு ஃபார்மேட் தனி, மாடர்னில் தடையான கார்டு லெகசியில் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும்.

கமாண்டர்

இன்றைக்கு மேஜிக் ஆடுகிறோம் என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் மேசையில் பரப்பியிருப்பது கமாண்டர் டெக்தான். புகழ்பெற்ற ஒரு உயிரினத்தை உங்கள் தளபதியாக வைத்துக்கொள்கிறீர்கள், அதையும் சேர்த்து டெக்கில் சரியாக 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் ஒரு பிரதிக்கு மேல் இல்லை. தளபதி கார்டில் என்ன நிறங்கள் இருக்கிறதோ அந்த நிறங்களுக்குள்தான் மற்றக் கார்டுகளும். தளபதி டெக்குக்குள் இல்லாமல் தனியாக, எப்போதும் கண்முன்னே இருக்கும், செத்தாலும் கூடுதல் மனா கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். ஒரே தளபதியிடம் 21 புள்ளி மோதல் சேதம் வாங்கினால், மீதி எத்தனை புள்ளி இருந்தாலும் நீங்கள் வெளியே.

இதை நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. அலாஸ்காவில் நண்பர்கள் சிலர் தங்களுக்குள் ஆடிய வீட்டு விதி இது, பிறகு ஷெல்டன் மெனரி என்கிற போட்டி நடுவர் அதை எடுத்து மற்ற நடுவர்களிடமும், அவர்கள் வழியாக எல்லா ஊருக்கும் பரப்பினார். போட்டி முடிந்து இரவில் களைப்பாறுவதற்கான ஆட்டம். 2011-இல்தான் நிறுவனம் இதற்கென்று தயார் டெக்குகளை விற்க ஆரம்பித்தது. விதிகளும் தடைப் பட்டியலும் மட்டும் ரசிகர்களால் ஆன ஒரு சின்னக் குழுவின் கையிலேயே இருந்தன.

வடிவமைப்பிலும் இதன் தாக்கத்தைப் பார்க்கலாம். பழைய கார்டுகளில் "எதிராளி ஒருவர்" என்று இருக்கும் இடத்தில் புதிய கார்டுகளில் "ஒவ்வொரு எதிராளியும்" என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பேர் ஆட்டத்தில் வித்தியாசமே இல்லை. நான்கு பேர் மேசையில் அந்த ஒரு சொல் கார்டை மூன்று மடங்கு பலமாக்குகிறது. புதுக் கார்டு பார்க்கும்போது இந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் சொன்ன மூன்றாமவர், ஒன்று போதும் என்றவர், இந்தக் கூட்டத்துக்காரர்.

2020-இல் ஜுவல்டு லோட்டஸ் என்று ஒரு கார்டு வந்தது. எந்தச் செலவும் இல்லாமல் மூன்று மனா தரும், ஆனால் அந்த மனாவைத் தளபதியை இறக்க மட்டுமே பயன்படுத்தலாம். அதாவது கமாண்டரைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையே இல்லை. நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி விதிக்குழு அதையும் மனா கிரிப்ட், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நம் பழைய நண்பர் நாடு ஆகியவற்றையும் ஒரே நாளில் தடை செய்தது. ஆட்டம் சீக்கிரமே ஒருதலைப்பட்சமாகப் போகிறது என்பது காரணம், எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் அந்தக் கார்டுகளைக் காசு கொட்டி வாங்கி வைத்திருந்தவர்களின் கோபம் எல்லை மீறி, குழு உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வரை போனது. ஒரே வாரத்தில், செப்டம்பர் 30 அன்று, கமாண்டரின் பொறுப்பு முழுக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. ரசிகர்கள் வளர்த்த ஒரே பெரிய ஃபார்மேட் அதோடு ரசிகர்கள் கையில் இல்லை.

நிறுவனம் 2025 பிப்ரவரியில் டெக்குகளின் பலத்தை ஐந்து படிகளாகப் பிரித்து ஒரு முறையைச் சோதனைக்கு விட்டது. ஒன்று என்றால் சும்மா வேடிக்கைக்கு, ஐந்து என்றால் போட்டித் தீவிரம். அறிமுகமில்லாதவர்களோடு உட்காரும்போது "என்னுடையது இரண்டாம் படி" என்று சொன்னால் ஓரளவு புரியும். ஓரளவுதான், ஏனென்றால் எல்லாருமே தன் டெக்கை ஒரு படி குறைத்துத்தான் சொல்வார்கள்.

வெளி உலகங்கள் உள்ளே வந்த கதை

இப்போது நடக்கும் பெரிய சண்டைக்கு வருவோம். 2020-இல் த வாக்கிங் டெட் தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களைக் கார்டுகளாக்கி, குறுகிய காலத்துக்கு மட்டும் நேரடியாக விற்றார்கள். மேஜிக்குக்கு என்று சொந்தமாக ஒரு கற்பனை உலகம் இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு கூட்டம், ஆட்டத்தில் செல்லும் கார்டைச் சில நாள் மட்டும் விற்றால் மற்றவர்கள் எங்கே போவது என்று இன்னொரு கூட்டம். அதற்குப் பிறகு இந்த வரிசைக்கு யுனிவர்சஸ் பியாண்ட் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். 2022-இன் வார்ஹாம்மர் 40,000 கமாண்டர் டெக்குகளாக வந்தது. 2023-இன் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் முழு செட், அது மாடர்னுக்குள்ளும் போனது. ஸ்டாண்டர்ட் இன்னும் தொடப்படாமல் இருந்தது. பிடிக்காதவர்கள் ஸ்டாண்டர்ட் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம், பிடித்தவர்கள் கமாண்டரில் எல்லாவற்றையும் கலக்கலாம் என்று ஃபார்மேட்டே ஒரு வேலியாக இருந்தது.

2024 அக்டோபரில் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். 2025-இலிருந்து வெளி உலக செட்டுகளும் ஸ்டாண்டர்டில் செல்லும். அந்த வருடம் ஸ்டாண்டர்டுக்கு ஆறு செட் வந்தது, அதில் மூன்று வெளி உலகம்: ஃபைனல் ஃபேன்டசி, ஸ்பைடர்மேன், அவதார். 2026-க்கு ஏழு அறிவித்தார்கள், அதில் நான்கு அப்படி. ஃபைனல் ஃபேன்டசி ஒரே நாளில் 20 கோடி டாலர் விற்றதாகத் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ சொன்னது, அந்த எண்ணைக் கேட்ட பிறகு இந்தப் பாதை திரும்பும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த செட்டின் விவி ஆர்னிட்டியர் என்கிற குட்டி மந்திரவாதி ஸ்டாண்டர்டை அப்படியே ஆக்கிரமித்து, 2025 நவம்பரில் தடையாகும் வரை விடவில்லை. தன் விருப்பமான விளையாட்டின் பாத்திரம் என்பதற்காகவே மேஜிக் பக்கம் வந்து விவி டெக் கட்டிய புதியவருக்கு, ஆட்டம் கற்றுக்கொண்ட கையோடு தடை என்றால் என்ன என்றும் தெரிந்துபோனது.

என் நிலைப்பாடு கொஞ்சம் நடுவில் இருக்கிறது. ஸ்பைடர்மேன் வந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, வருடத்துக்கு ஆறு, ஏழு செட் என்பதுதான் மூச்சு முட்டுகிறது. ஒரு செட்டை டிராஃப்டில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) ஆடிப் பழகுவதற்குள் அடுத்ததன் கார்டுகளைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். ரொட்டேஷனை மூன்று வருடமாக நீட்டியபோது டெக் நீண்ட நாள் வாழும் என்று எல்லாரும் மகிழ்ந்தோம், ஆனால் உள்ளே வரும் செட்டுகளின் எண்ணிக்கை கூடியதால் பலன் பாதிக்கு மேல் போய்விட்டது. கார்டு அட்டவணையில் மூன்று வருடம் இருக்கும், டெக்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

டிராஃப்ட், சீல்டு

மேலே சொன்ன எல்லாவற்றிலும் டெக்கை முன்னாலேயே கட்டிக்கொண்டு வருகிறோம். டிராஃப்டில் வெறுங்கையோடு வந்தால் போதும். பொதுவாக எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று பேக் (பிரிக்காத கார்டுப் பொட்டலம்). முதல் பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கத்தவரிடம் கொடுக்க வேண்டும், வலப்பக்கத்திலிருந்து வருவதில் இன்னொன்று எடுக்க வேண்டும், இப்படியே தீரும் வரை, அடுத்த பேக் எதிர்த்திசையில். எடுத்ததை வைத்து 40 கார்டு டெக், அதில் 17 போல நிலங்கள். சீல்டு இன்னும் எளிது, ஆறு பேக்கைப் பிரித்து வந்ததை வைத்துக் கட்டுவது. புது செட் கடைக்கு வருவதற்கு முன் நடக்கும் ப்ரிரிலீஸ் நிகழ்வுகள் பெரும்பாலும் சீல்டுதான். அன்றைக்கு அந்தக் கார்டுகள் எல்லாருக்குமே புதிது என்பதால் பத்து வருடம் ஆடியவருக்கும் நேற்று வந்தவருக்கும் உள்ள தூரம் கொஞ்சம் குறையும். முதல் தடவை வெளியே போய் ஆட அதைவிட நல்ல நாள் கிடையாது.

வாங்கும் முன்

எல்லாரும் புதியவரைக் கமாண்டருக்குத்தான் இழுப்பார்கள். நூறு வெவ்வேறு கார்டு, மேசையில் நான்கு பேருடைய பொருட்கள், ஒரு ஆட்டம் ஒன்றரை, இரண்டு மணி நேரம், இதில் முதல் பாடம் படிப்பது கஷ்டம் என்பது என் கருத்து. இரண்டு பேராக, ஃபவுண்டேஷன்ஸின் தொடக்கப் பெட்டியில் நாலைந்து ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள். கூட ஆட ஆளோ பக்கத்தில் கடையோ இல்லையென்றால் மேஜிக் அரீனா இருக்கிறது, கணினியிலும் கைபேசியிலும் இலவசம், விதிகளைத் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே ஆல்கமி என்று ஒரு ஃபார்மேட் கண்ணில் படும், அதில் கார்டுகளின் வாசகத்தையே அவ்வப்போது மாற்றுவார்கள், காகிதத்தில் ஆட நினைப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஸ்பைடர்மேன் செட் அரீனாவில் வேறு பெயர்களோடும் வேறு படங்களோடும் இருப்பதைப் பார்த்து இது ஏதோ தனி செட் என்று குழம்ப வேண்டாம், உரிமப் பிரச்சினையால் பெயர் மாற்றியது, உள்ளே இருப்பது அதே கார்டு.

கடையில் நிற்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ப்ளே பூஸ்டர் என்பதுதான் ஆடுவதற்கான பேக், 14 கார்டு. கலெக்டர் பூஸ்டர் பளபளப்பான கார்டு சேகரிப்பவர்களுக்கு, விலை பல மடங்கு, அதைப் பிரித்து டெக் கட்ட முடியாது. அடுத்தது இன்னும் முக்கியம்: புது செட்டின் பெயரைப் போட்டு அதோடு கூடவே கமாண்டர் டெக்கும் விற்பார்கள், பெட்டியில் அதே படம், அதே பெயர். அதிலுள்ள புதிய கார்டுகள் பெரும்பாலும் ஸ்டாண்டர்டில் செல்லாது. சாதாரணப் பேக்கிலேயேகூட சிறப்பு விருந்தினர் என்கிற வகையில் பழைய கார்டு ஒன்று எப்போதாவது வரும், புதுப் பேக்கிலிருந்து வந்ததாலேயே அது ஸ்டாண்டர்ட் கார்டு ஆகிவிடாது. கார்டின் கீழே இடது மூலையில் செட்டின் மூன்றெழுத்துக் குறி சின்னதாக இருக்கும், அந்தக் குறி முதன்மை செட்டுடையதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் கார்டின் பெயரைத் தேடிப் பாருங்கள், எந்தெந்த ஃபார்மேட்டில் செல்லும் என்று வரிசையாகக் காட்டிவிடும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், இன்றைக்கு எந்த ஃபார்மேட் என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சிரிக்க மாட்டார், தினமும் நாலு பேர் கேட்கிற கேள்விதான்.